மேற்கத்திய இசைக் குறியீட்டில் சுரங்களை வாசித்தல்

மேற்கத்திய இசைக் குறியீட்டில் சுரங்களை வாசித்தல் என்பது, ஐந்து கிடைக்கோடுகளின் மீது எழுதப்பட்டுள்ள குறிகளின் இடத்தைக் கொண்டு, ஒலிக்கவேண்டிய சுரம் எது என அறியும் திறனாகும். இக்கோட்டுத் தொகுதி ஸ்டாஃப் எனப்படுகிறது. சுரம் எவ்வளவு நேரம் ஒலிக்கவேண்டும் என்பதைக் குறியின் வடிவம் காட்டும். அதன் உயர்வு தாழ்வை அது அமர்ந்துள்ள இடம் காட்டும். இக்கட்டுரை பின்னதைப் பற்றியது.

கர்நாடக இசையில் ச, ரி, க என எழுத்துகளால் சுரங்கள் எழுதப்படுகின்றன. 'ச' என்பது பாடுபவர் தேர்ந்துகொள்ளும் சுருதிக்கேற்ப மாறும். ஸ்டாஃபில் அவ்வாறில்லை. ஒவ்வோர் இடமும் ஒரு குறித்த ஒலியைச் சுட்டுகிறது. இன்று பரவலாகப் பின்பற்றப்படும் அளவின்படி, நடு சி-க்கு மேலுள்ள ஏ 440 ஹெர்ட்சு. பியானோவின் நடு சி ஏறத்தாழ 261.6 ஹெர்ட்சு.

கோடுகளும் கிளெஃபும்

சுரங்களுக்கு ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி என்னும் ஏழு எழுத்துப் பெயர்கள் உண்டு. ஜி-க்குப் பின் மீண்டும் ஏ வரும். கோட்டிலிருந்து அடுத்த இடைவெளிக்கு ஏறினால் ஓர் எழுத்து கூடும். கோடுகள் எப்போதும் கீழிருந்து மேலாக எண்ணப்படுகின்றன. ஐந்து கோடுகளுக்குள் அடங்காத சுரங்களுக்கு லெட்ஜர் கோடு எனப்படும் சிறு துணைக்கோடுகள் இடப்படுகின்றன.

ஐந்து கோடுகளை மட்டும் பார்த்து எந்தச் சுரத்தையும் சொல்ல இயலாது. தொடக்கத்தில் இடப்படும் கிளெஃப் என்னும் குறியே ஒரு கோட்டுக்குப் பெயர் சூட்டுகிறது. மற்றவை அதிலிருந்து எண்ணப்படுகின்றன. கிளெஃப் குறிகள் உண்மையில் உருமாறிய எழுத்துகளே. டிரெபிள் கிளெஃப் என்பது ஜி எழுத்து. அதன் சுருள் இரண்டாம் கோட்டைச் சுற்றி நடு சி-க்கு மேலுள்ள ஜி-யைக் காட்டும். பேஸ் கிளெஃப் என்பது எஃப் எழுத்து. அதன் இரு புள்ளிகளுக்கு நடுவேயுள்ள நான்காம் கோடு நடு சி-க்குக் கீழுள்ள எஃப். வயோலாவுக்குரிய ஆல்ட்டோ கிளெஃப் என்பது சி எழுத்து. அதில் நடுக்கோடே நடு சி ஆகும். டிரெபிளில் நடு சி கீழே ஒரு துணைக்கோட்டிலும், பேஸில் மேலே ஒரு துணைக்கோட்டிலும் வரும்.

வரலாறு

ஐரோப்பியத் தேவாலயங்களில் முற்காலத்தில் பாடல் வரிகளுக்கு மேல் நியூம் எனப்படும் கீற்றுகள் எழுதப்பட்டன. குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை அவை காட்டினவே தவிர, எவ்வளவு என்பதைக் காட்டவில்லை. பாடலை முன்பே அறிந்தவருக்கே அவை பயன்பட்டன. புதிய பாடலை ஆசிரியர் வாய்வழியாகவே கற்பிக்கவேண்டியிருந்தது.

11 ஆம் நூற்றாண்டில் இத்தாலியத் துறவி அரெட்சோவின் குயிதோ, கோடுகளையும் இடைவெளிகளையும் ஒழுங்குபடுத்திய முறையொன்றைப் பரப்பினார். எஃப் கோட்டைச் சிவப்பிலும், சி கோட்டை மஞ்சளிலும் வரையச் செய்தார். பத்தாண்டு பயின்றும் கைவராத பாட்டுத் திறனை ஓரிரு ஆண்டுகளில் தம் முறையால் தரமுடியும் என்று தம் கடிதமொன்றில் கூறியுள்ளார். கேளாத பாடலையும் ஏட்டைப் பார்த்தே பாடலாம் என்ற நிலை இதனால் உருவானது. தேவாலயப் பாடல் நூல்களில் நான்கு கோட்டு முறை இன்றும் காணப்படுகிறது.

அரைச்சுரங்கள்

ஸ்டாஃபில் எல்லாப் படிகளும் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரியும். ஆனால் ஒலியில் ஈ-எஃப், பி-சி ஆகிய இரண்டும் அரைச்சுரத் தொலைவு. ஏனையவை முழுச்சுரத் தொலைவு. இதைக் கோடுகள் காட்டா; வாசிப்பவர் மனத்தில் வைத்திருக்கவேண்டும். புதிதாகப் பயில்வோர் இடறும் இடம் இதுவே.

ஷார்ப் குறி சுரத்தை அரைச்சுரம் உயர்த்தும், ஃப்ளாட் தாழ்த்தும், நேச்சுரல் இயல்புக்குத் திருப்பும். இவை நடுவில் வந்தால் அடுத்த பார் கோடு வரை, அதே இடத்திலுள்ள சுரத்துக்கு மட்டுமே செல்லும். கிளெஃபை அடுத்து வரியின் தொடக்கத்தில் இடப்பட்டால் அச்சுரம் எல்லா ஸ்தாயிகளிலும் மாறும்.

பயிலும் முறை

டிரெபிளின் கோடுகள் ஈ, ஜி, பி, டி, எஃப். இடைவெளிகள் எஃப், ஏ, சி, ஈ. இவை சேர்ந்து முகம் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லாவதால் எளிதில் நினைவில் நிற்கும். எனினும் ஒவ்வொரு சுரத்துக்கும் கீழ்க்கோட்டிலிருந்து எண்ணினால் இசை ஓடாது. குறிகளின் கீழே எழுத்துப் பெயர்களை எழுதிவைப்பதும் உதவாது. கண் எழுத்தையே படிக்கும், இடத்தைப் படிக்காது.

டிரெபிள் ஜி, நடு சி, பேஸ் எஃப் ஆகிய மூன்றையும் நங்கூரங்களாகக் கொண்டு, அங்கிருந்து தொலைவை அளப்பதே விரைவான வழி. கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குச் சென்றால் ஓர் எழுத்து தாண்டப்படும். அடுத்தடுத்த மூன்று கோடுகளில் அடுக்கப்பட்ட சுரங்கள் முக்கூட்டுச் சுரத்தொகுதியாகும். கோட்டிலுள்ள சுரத்தின் மேல் ஸ்தாயி எப்போதும் இடைவெளியில் அமையும். இத்தகைய வடிவங்கள் பழகிவிட்டால் பெயர் சொல்லாமலே விரல் சரியான கட்டைக்குச் செல்லும். லண்டன் அசோசியேட்டட் போர்டின் செய்முறைத் தேர்வுகளில், முன்பு பார்த்திராத பகுதியை அரை நிமிடம் நோக்கியபின் வாசிக்கும் பிரிவு இத்திறனையே சோதிக்கிறது.

டிரெபிளை மட்டும் அறிந்தவர் பேஸைப் படிக்க இரண்டு எழுத்துகளைக் கூட்டிக்கொள்வதுண்டு: கீழ்க்கோடு டிரெபிளில் ஈ, பேஸில் ஜி. பெயர் சரியாக வரும், ஸ்தாயி தவறக்கூடும்.

கர்நாடக இசையில்

ஏ. எம். சின்னசாமி முதலியார் 1890களில் சென்னையில் தியாகராசர் முதலியோரின் கீர்த்தனைகளை ஸ்டாஃபில் எழுதி வெளியிட்டார். ஓரிடம் ஒரு நிலையான ஒலியைக் குறிக்கும் இம்முறையில், சுரம் அசைந்துகொண்டே இருக்கும் கம்பிதம் போன்ற கமகங்களை எழுதுவது கடினம். சுப்பராம தீட்சிதர் 1904 இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி, சுர எழுத்துகளோடு கமகங்களுக்குத் தனிக் குறிகளைப் பயன்படுத்தியது.