நிகழாத போரில் வென்றவர் யார்?

காலத்தால் பிரிந்த இரு வீரரை ஒரே களத்தில் நிறுத்திப் பார்க்கும் ஆவல் மனிதரிடம் பழமையானது. பீமனும் கும்பகருணனும் பொருதினால் வெல்பவர் யார் என்று வினவாத சிறுவர் அரியர். வினா விளையாட்டாகத் தோன்றலாம். ஆயினும் விடை காண முயல்வோர், சான்று எது, ஊகம் எது என்று பிரித்தறியும் கடமைக்கு ஆளாகின்றனர். குத்துச்சண்டை வரலாற்றில் இவ்வினா ஒருமுறை கணிப்பொறியின் முன் வைக்கப்பட்டது. அதன் விளைவு இன்றும் எண்ணிப் பார்க்கத் தக்கது.

1967ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மயாமி நகரைச் சேர்ந்த வானொலித் தயாரிப்பாளர் முர்ரே வொரோனர், பல காலத்து மிகுஎடை வீரர்களின் ஆற்றல்களை எண்களாக்கி, என்.சி.ஆர். 315 என்னும் கணிப்பொறிக்கு அளித்தார். அது தந்த முடிவுகள் நேர்முக வருணனை போல வானொலியில் ஒலித்தன. இறுதிப் போட்டியில் ஜாக் டெம்சியை வீழ்த்தி ராக்கி மார்சியானோ வாகை சூடினார். முகம்மது அலியோ முன்னதாகவே ஜிம் ஜெப்ரீசிடம் தோற்றதாக அறிவிக்கப்பட்டார். தம் புகழுக்கு இழுக்கு நேர்ந்ததெனப் பத்து லட்சம் டாலர் கேட்டு அலி வழக்குத் தொடுத்தார். வழக்கு சமாதானத்தில் முடிந்தது. அதன் பயனாக 1969இல் அலியும் மார்சியானோவும் மயாமியில் படக்கருவியின் முன் மோதுவது போல நடித்தனர். ஏறத்தாழ 70 குறுஞ்சுற்றுகள் படமாக்கப்பட்டன. முடிவுகளும் பலவாறாக எடுக்கப்பட்டமையால், வென்றவர் யாரென நடித்த இருவருக்குமே தெரியாது.

இவ்விருவரின் சண்டை முறைகளை ஒப்பிடுவோம். மார்சியானோ 49 போட்டிகளில் ஈடுபட்டு, ஒன்றிலும் தோலாது 1956இல் ஓய்வு பெற்றவர். அவற்றுள் 43 வெற்றிகள் எதிரியை வீழ்த்திப் பெற்றவை. உயரம் ஆறடிக்கும் குறைவு. கைவீச்சு ஏறத்தாழ 68 அங்குலமே. ஆகையால் அவர் குனிந்து நெருங்கி, எதிரியின் தோள், புயம், விலா என எட்டிய இடமெல்லாம் தாக்கித் தளரச் செய்தார். 1952இல் ஜெர்சி ஜோ வால்காட்டுடன் மோதியபோது முதற்சுற்றிலேயே தரையில் விழுந்தார். பன்னிரண்டு சுற்றுகள் வரை புள்ளிகளில் பின்தங்கியிருந்தார். பதின்மூன்றாம் சுற்றில் ஒரே வலக்கைக் குத்தினால் பட்டத்தைக் கைப்பற்றினார். எனினும் அன்று வால்காட்டின் வயது 38 என்பதையும், 1951இல் மார்சியானோவிடம் தோற்ற ஜோ லூயிசின் வயது 37 என்பதையும் நடுநிலையாளர் மறத்தலாகாது.

அலியின் முறை இதற்கு நேர்மாறானது. ஆறடி மூன்றங்குல உயரம். 78 அங்குலக் கைவீச்சு. கைகளைத் தாழ்த்தி வைத்து, வட்டமிட்டு நகர்ந்து, தலையைப் பின்னிழுத்தே எதிரியின் குத்தை வீணாக்குவார். இடக்கையால் முகத்தில் இடைவிடாது கொத்துவார். ஹென்றி கூப்பரை 1963லும் 1966லும் அவர் வென்றது முகத்தில் உண்டாக்கிய காயங்களாலேயே. ஆயினும் 1963இல் அதே கூப்பரின் இடக்கை வீச்சு அலியைத் தரையில் கிடத்தியதும் உண்மை.

இவற்றைக் கொண்டு போட்டியின் போக்கை ஓரளவு ஊகிக்கலாம். தொடக்கச் சுற்றுகள் அலியின் வசமாகும். மார்சியானோவின் முகத்தோல் எளிதிற் கிழியும். 1954இல் எசார்ட் சார்லசுடன் நிகழ்ந்த இரண்டாம் போட்டியில் அவர் மூக்கு பிளந்தது. ஆயின் அந்நிலையிலும் எட்டாம் சுற்றில் எதிரியை வீழ்த்தியவர் அவர். எனவே வினா இவ்வாறு சுருங்குகிறது: காயத்தின் பொருட்டு நடுவர் போட்டியை நிறுத்துவது முந்துமா, விலாவில் விழும் குத்துகளால் அலியின் கால்கள் ஓய்வது முந்துமா? ஒப்பீடு நம்மை இவ்விடம் வரையே அழைத்து வரும். முடிவு கூறும் தகுதி அதற்கில்லை.

ஏனெனில் குத்துச்சண்டை தராசு அன்று. ஜோ பக்னரை 1973இல் அலி பன்னிரண்டு சுற்றுகளில் புள்ளிகளால் வென்றார். அதே ஆண்டில் ஜோ பிரேசியரும் பன்னிரண்டு சுற்றுகளில் புள்ளிகளாலேயே வென்றார். 1975 ஜூலை முதல் நாள் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் பக்னர் மீண்டும் அலியுடன் பதினைந்து சுற்றுகள் நின்று தோற்றார். பக்னரை அளவுகோலாகக் கொண்டவர்க்கு அலியும் பிரேசியரும் ஏறக்குறைய நிகராகவே தோன்றியிருப்பர். மூன்று திங்களுக்குப்பின் மணிலாவில் அவ்விருவரும் மோதினர். பதினான்காம் சுற்று முடிவில் பிரேசியரின் பயிற்சியாளர் போட்டியை நிறுத்தினார், அலி வென்றார்.

இதனினும் தெளிவான சான்று 1974ஆம் ஆண்டினது. அலியை 1971இல் பிரேசியரும் 1973இல் கென் நார்ட்டனும் வென்றிருந்தனர். அவ்விருவரையும் ஜார்ஜ் போர்மன் இரண்டிரண்டு சுற்றுகளில் வீழ்த்தியிருந்தார். ஆகவே போர்மனின் முன் அலி நிலைப்பது அரிதென்பது பலர் கணக்கு. அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில் நிகழ்ந்ததோ வேறு. அலி தமக்கே உரிய வட்டமிடும் முறையைக் கைவிட்டு, கயிற்றில் சாய்ந்து, முகத்தைக் காத்து, போர்மனைக் குத்தவிட்டார். வெப்பம் மிகுந்த அவ்விடத்தில் குத்திக் குத்தியே போர்மன் களைத்தார். எட்டாம் சுற்றில் அவர் வீழ்ந்தார். முந்தைய போட்டிகளை எவ்வளவு நுணுகி எண்ணியிருந்தாலும் கணிப்பொறி இதனைக் கூறியிராது. அம்முறையை அலி அதுவரை அவ்வாறு கையாண்டதில்லை.

வலியறிதலை அடுத்துக் காலமறிதலையும் இடனறிதலையும் தனித்தனி அதிகாரங்களாக வள்ளுவர் வைத்தமை இங்கே நினைவுகூரத் தக்கது. வலியை எண்ணிவிடலாம். காலமும் இடமும் நோக்கி அவ்வலியைப் புதிதாகப் பயன்படுத்தும் அறிவை எண்ணில் அடக்குதல் எளிதன்று.

அந்தப் படம் 1970 ஜனவரி 20 அன்று அமெரிக்கத் திரையரங்குகளில் காட்டப்பட்டது. பதின்மூன்றாம் சுற்றில் மார்சியானோ அலியை வீழ்த்துவதாக அது முடிந்தது. அதனைக் காண மார்சியானோ இல்லை. 1969 ஆகஸ்டு 31 அன்று, தம் 46ஆம் பிறந்தநாளுக்கு முந்தைய நாளில், வானூர்தி விபத்தில் அவர் மறைந்தார். அலி உயிரோடிருந்தும் களம் புக இயலாதவராயிருந்தார். வியட்நாம் போருக்காகப் படையில் சேர 1967இல் மறுத்தமையால் பட்டமும் உரிமமும் பறிக்கப்பட்டு, தம் 25ஆம் வயது முதல் 28ஆம் வயது வரை போட்டியின்றி இருந்தார். அவர் மீதான தண்டனையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் நீக்கியது 1971இல்தான். ஆக, இயந்திரம் தீர்ப்பளித்தபோது ஒருவர் மண்ணுக்குள் இருந்தார். மற்றவர் தம் கைகளால் மறுமொழி கூறும் உரிமையை இழந்திருந்தார்.

அலி இழந்த அவ்வாண்டுகளில் அவர் எவ்வளவு உயர்ந்திருப்பார் என்பதும் நிகழாத போரே. அதற்கும் எந்த எண்ணும் விடை தாராது. வீரர்தம் முறைகளை ஒப்பிடுதல் நம் கண்ணைக் கூர்மையாக்கும். கால் நகரும் விதத்தையும் கை தாழும் நொடியையும் காணக் கற்பிக்கும். அப்பயன் பெரிது. ஆனால் இன்னது நிகழ்ந்திருக்கும் என்பதை இன்னது நிகழ்ந்தது என்று எழுதும் உரிமையை அது எவர்க்கும் தருவதில்லை. களத்தில் இறங்காதவனை வென்றவனென்றோ தோற்றவனென்றோ எழுதிவைப்பது வரலாறு ஆகாது.