குரோம் தோல் கழிவிலிருந்து மின்முனைக் கரி

குரோமியம் ஏற்றிப் பதனிட்ட தோலின் கழிவை ஆக்சிஜன் படாமல் சுட்டால் நைட்ரஜன் கலந்த கரி கிடைக்கிறது. லித்தியம் அயனி மின்கலங்களுக்கும், சூப்பர் கெப்பாசிட்டர் எனப்படும் மீமின்தேக்கிகளுக்கும் ஏற்ற மின்முனைப் பொருளாக இது ஆராயப்படுகிறது. தோலின் இழைகள் கொலாஜன் என்னும் இயற்கைப் பாலிமரால் ஆனவை. ஆகவே, கன உலோகம் ஏறிய பாலிமர்க் கழிவை ஆற்றல் சேமிப்புக்குத் திருப்பும் முறைகளுள் இதுவும் ஒன்று. இத்தகைய கரியின் தரம் பெரும்பாலும் அது தாங்கும் மின்னூட்டத்தைக் கொண்டே பேசப்படுகிறது. ஆனால் கழிவோடு உலைக்குள் போன குரோமியம் எந்த வடிவில் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதே இம்முறையை மதிப்பிடுவதற்கு முதன்மையான அளவுகோல்.

குரோமியம் தோலை விட்டு எளிதில் பிரியாது. பிரியக்கூடாது என்பதுதான் பதனிடலின் நோக்கமே. மூவிணைதிறக் குரோமிய உப்பு கொலாஜனின் கார்பாக்சில் தொகுதிகளைப் பற்றிக்கொண்டு இழைகளைக் குறுக்கே பிணைக்கிறது. அதனால் தோல் அழுகுவதில்லை; கொதிநீரில்கூடச் சுருங்காமல் நிற்கிறது. இப்படிப் பதனிட்ட தோலைச் சீரான தடிமனுக்குக் கொண்டுவர இயந்திரத்தில் சீவும்போது விழும் சீவல்களில், ஆக்சைடாகக் கணக்கிட்டால், உலர் எடையில் பொதுவாக 3 முதல் 5 விழுக்காடு குரோமியம் இருக்கும். தோலை உறுதியாக்கிய அதே பிணைப்பால் இந்தச் சீவல் மக்கவும் மறுக்கிறது. காற்றில் எரித்தால் குரோமியத்தின் ஒரு பகுதி ஆறிணைதிற வடிவுக்கு மாறலாம். நீரில் எளிதில் கரையும் அவ்வடிவம் புற்றுநோய் தரவல்லது. தோல் ஆலைகளின் மாசுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி நீதிமன்றத்தையும் எட்டியது: ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்துத் தோல் ஆலைகள் குறித்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996இல் இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது.

நைட்ரஜன் அல்லது ஆர்கான் சூழலில் சுடுவதால், குரோமியத்தை ஆறிணைதிற வடிவுக்கு மாற்றும் ஆக்சிஜனேற்றம் பெருமளவு தடுக்கப்படுகிறது. கொலாஜனின் எடையில் சுமார் 18 விழுக்காடு நைட்ரஜன். சூடேறும்போது அதன் ஒரு பகுதி வாயுவாக வெளியேற, எஞ்சியது கரியின் கட்டமைப்பில் தங்குகிறது. மின்கடத்தலை மேம்படுத்தவும், மின்பகு கரைசல் நுண்துளைகளில் எளிதாகப் புகவும் அது உதவும். மற்றக் கரிகளில் வெளியிலிருந்து சேர்க்க வேண்டிய இந்நைட்ரஜன் தோலில் இயல்பாகவே உள்ளது. சென்னையின் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகமும் இணைந்து, கொலாஜன் கழிவிலிருந்து இத்தகைய நானோ கரியை உருவாக்கி, லித்தியம் மின்கலப் பயன்பாட்டுக்கு ஆராய்ந்து 2012இல் வெளியிட்டன. கரியில் தங்கும் குரோமிய ஆக்சைடுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. எதிர்மின்முனைப் பொருளாக அதன் கோட்பாட்டுக் கொள்ளளவு கிராமுக்கு 1,058 மில்லி ஆம்பியர் மணி; கிராஃபைட்டுக்கோ 372. ஆனால் அது மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. லித்தியம் ஏறி இறங்கும்போது உப்பிச் சுருங்கி நொறுங்கும். சுற்றியுள்ள கரியே அதற்குக் கடத்தியாகவும் தாங்கியாகவும் அமைகிறது.

தூய தேங்காய் ஓட்டுக் கரி ஏற்கெனவே மீமின்தேக்கிகளில் பயன்பட்டுவரும்போது நச்சு உலோகம் கலந்த கழிவை ஏன் நாட வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. விலையிலும் சீரான தரத்திலும் தேங்காய் ஓட்டை வெல்வது கடினம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தோல் கரிக்கான நியாயம் வேறிடத்தில் இருக்கிறது. தேங்காய் ஓட்டைப் பயன்படுத்தாமல் விட்டால் யாருக்கும் தீங்கில்லை. குரோம் சீவலை அப்படி விட முடியாது. அடுத்த ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. கரியில் நுண்துளைகளைப் பெருக்க வழக்கமாகப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்துச் சுடுவார்கள். காரத்தோடு குரோமியம் சூடேறும்போது உலையில் காற்றுக் கசிந்தால் ஆறிணைதிற வடிவமான குரோமேட் உருவாகும். குரோமைட் தாதுவைச் சோடா உப்புடன் காற்றில் வறுத்துக் குரோமேட் எடுக்கும் தொழில்முறையும் இதே வேதிவினைதான். பின்னர் அமிலத்தில் கழுவினால் திண்மக் கழிவில் இருந்த உலோகத்தில் ஒரு பகுதி கழிவுநீருக்கு இடம்பெயரும். புரதம் சிதையும்போது அம்மோனியாவும் ஹைட்ரஜன் சயனைடும் எழுவதால் உலைப் புகையையும் பிடித்தாக வேண்டும். இந்த ஆபத்துகளுக்கெல்லாம் தடுப்பு வழி உண்டு. ஆனால் மின்னூட்ட அளவை மட்டும் பார்ப்பவருக்கு இவை கண்ணில் படா.

இம்முறை எல்லா உலோகங்களுக்கும் பொருந்தாது. குரோமிய ஆக்சைடு உருகவே 2,400 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும் என்பதால் அது கரியிலேயே தங்கிவிடும். பாதரசம் 357 பாகையிலும் காட்மியம் 767 பாகையிலும் கொதித்துப் புகையோடு போய்விடும். ஆகவே கரி, கழுவுநீர், புகை ஆகிய மூன்றிலும் உலோகத்தை அளந்து, உள்ளே போன அளவோடு சரிபார்க்க வேண்டும். மின்முனையின் ஆயுள் முடிந்தபின் அதிலுள்ள குரோமியத்தை மீட்கும் வழியையும் முன்பே வகுத்துவைக்க வேண்டும். இந்தக் கணக்கு நேராகாதவரை, எவ்வளவு மின்னூட்டம் தாங்கினாலும் அக்கரி இடம் மாறிய கழிவே.