சிவப்பு மழையும் விளக்குக் கம்பமும்

சங்கரன்கோவிலில் ஆடி மாசம்னா மழை கிடையாது, காத்துதான். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டித் தீர்க்கும். நமக்கு வந்து சேர்வது காய்ந்த மேல்காற்று மட்டும்தான். 2001-ம் வருஷம் ஆடித்தபசுக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தச் செய்தி வந்தது: கோட்டயம் பக்கம் சிவப்பாக மழை பெய்கிறதாம். எங்க ஆச்சி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: “ரத்த மழைல்லா பெய்யுது, உலகம் அழியப் போகுதுலே.”

உலகம் அழியவில்லை. ஆனால் அஞ்சு வருஷம் கழித்து அதே மழை வேறு பெயரில் திரும்பி வந்தது. இந்தத் தடவை, ‘வேற்றுக்கிரக உயிர்’. நம்ம ஊரிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில் நடந்த கதை என்பதால், தேடித் தேடி வாசித்தேன். வாசித்ததைக் கொஞ்சம் வரிசைப்படுத்தி எழுதி வைக்கிறேன்.

2001 ஜூலை 25 அன்று கோட்டயம் மாவட்டத்தின் சங்கனாசேரிப் பகுதியில் முதல் சிவப்பு மழை. அதற்குச் சில மணி நேரம் முன்பு வெடிச் சத்தமும் வெளிச்சமும் வந்ததாகச் சிலர் சொன்னார்கள். செப்டம்பர் பிற்பகுதி வரை, விட்டு விட்டுப் பல இடங்களில் பெய்தது. வெளுத்த துணி சிவந்துபோகும் அளவுக்கு நிறம்.

திருவனந்தபுரத்தில் இருக்கும் புவி அறிவியல் ஆய்வு மையம் முதலில் சொன்ன காரணம் எரிகல். வானத்தில் ஒன்று வெடித்து, அதன் தூசி மழையோடு இறங்கியிருக்கலாம் என்றார்கள். சில நாளிலேயே அவர்களே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். காரணம் எளிமையானது: மேலே வெடித்த தூசியைக் காற்று கலைத்துவிடும். அது வாரக்கணக்கில் அதே வட்டாரத்தில் எப்படி விழுந்துகொண்டிருக்கும்? தவிர, நுண்ணோக்கியில் தெரிந்தது தூசி இல்லை, செல் மாதிரி ஏதோ ஒன்று.

அடுத்து மாதிரி பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனத்துக்குப் போனது. அங்கே அதை ஊடகத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். வளர்ந்தது. வளர்ந்து வந்தது ட்ரென்டேபோலியா என்கிற பாசி. பெயருக்குப் பச்சைப்பாசி இனம்தான், ஆனால் உடம்பில் கரோட்டின் நிறமி நிறைந்திருப்பதால் பார்க்கச் செம்மஞ்சளாக இருக்கும். பூஞ்சையோடு சேர்ந்து கல்பாசியாகவும் வாழும்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான். ஆகஸ்ட் 16 அன்று சங்கனாசேரிக்கே நேரில் போய்ப் பார்த்தார்கள். மரம், பாறை, தெருவிளக்குக் கம்பம் என்று எங்கே பார்த்தாலும் அதே பாசி அப்பிக் கிடந்தது. மழையில் வந்த அளவு விதைத்துகளைத் தருவதற்கு அதுவே போதும் என்று கணக்கிட்டார்கள். நவம்பரில் அறிக்கை வந்தது. அத்தனை துகளும் ஒரே சமயத்தில் எப்படி மேலே கிளம்பின என்பது மட்டும் விளங்கவில்லை என்று அதிலேயே ஒப்புக்கொண்டும் இருந்தார்கள்.

அந்த ஓட்டை வழியாகத்தான் அடுத்த கதை நுழைந்தது. கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர்கள் காட்ஃப்ரே லூயிஸும் சந்தோஷ் குமாரும் 2006-இல் ஒரு ஆய்விதழில் எழுதினார்கள்: விழுந்த சிவப்புத் துகள் மொத்தம் 50,000 கிலோ இருக்கும், ஒரு வால்நட்சத்திரத் துண்டு மேலே வெடித்துக் கொண்டுவந்த உயிர்த்துகள்களாக இவை இருக்கலாம். தங்கள் சோதனையில் டிஎன்ஏ தென்படவில்லை என்றும் சொன்னார்கள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. உயிர் விண்வெளியிலிருந்து வந்தது என்று பல ஆண்டுகளாக வாதாடிவந்த, இலங்கையில் பிறந்த சந்திரா விக்கிரமசிங்கவும் ஆர்வம் காட்டினார்.

ஆனால் தடித்த சுவருள்ள செல்லில் டிஎன்ஏ கிடைக்கவில்லை என்றால், அது இல்லை என்று ஆகிவிடுமா? சுவர் உடையாமலும் இருந்திருக்கலாமே. 2015-இல் மரபணு வரிசையை வைத்தே ஒப்பிட்டு, அது ட்ரென்டேபோலியா அன்யுலாட்டா என்று காட்டினார்கள். ஆஸ்திரியாவில் இருக்கும் பாசியின் நெருங்கிய சொந்தம். வேற்றுக்கிரகம் இல்லை, வெளிநாட்டுத் தொடர்பு மட்டும்தான்!

இதனால் லூயிஸைக் கேலி செய்யலாமா? கூடாது என்றுதான் சொல்வேன். வானத்திலிருந்து பொருள் வருவது உண்மை. 1969-இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் ஒரு விண்கல் விழுந்தது. அதில் அமினோ அமிலங்கள் இருப்பதை நாசாவில் வேலை பார்த்த சிரில் பொன்னம்பெருமவின் குழு 1970-இல் அறிவித்தது. காலியில் பிறந்து, மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துப் பட்டம் வாங்கிய மனுஷன் அவர். ‘தொட்டவன் கை வியர்வையிலிருந்து ஒட்டியதாக இருக்கலாமே’ என்ற கேள்வி அங்கேயும் உண்டு. அதற்கு அவர்களிடம் பதில் இருந்தது. பூமியின் உயிர்கள் தம் புரதத்துக்கு இடக்கை வடிவ அமினோ அமிலத்தைத்தான் பயன்படுத்துகின்றன. விண்கல்லில் இடக்கையும் வலக்கையும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. சிலவகை அமிலங்கள் நம் புரதங்களிலேயே இல்லாதவை. அதாவது, ‘இது இந்த ஊர்ச் சரக்கு இல்லை’ என்பதற்கு அந்தப் பொருளுக்குள்ளேயே சாட்சி இருந்தது. அப்போதும் அவர்கள் உயிர் கிடைத்தது என்று சொல்லவில்லை. உயிருக்கான செங்கல் கிடைத்தது என்றார்கள், அவ்வளவுதான்.

சிவப்பு மழையில் அந்தச் சாட்சி கிடைக்கவில்லை. ‘நமக்கு விளங்கவில்லை’ என்பது மட்டுமே சாட்சியாக நின்றது. விளங்காத இடத்தில் நாம் எதை வைக்கிறோம் என்பது நம்மைப் பொறுத்தது. ஆச்சி உலக முடிவை வைத்தாள். படித்தவர்கள் வால்நட்சத்திரத்தை வைத்தார்கள். 1963-இல் வந்த ‘கலை அரசி’யில் வேற்றுக்கிரகத்துக்காரர்கள் பறக்கும் தட்டில் வந்து பானுமதியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். எதுக்குத் தெரியுமா? அவங்க ஊரில் விஞ்ஞானம் இருக்கு, சங்கீதம் இல்லை. எம்ஜிஆர் அங்கே போய் மீட்டு வருவார். நம்மிடம் எது உசத்தி என்று நினைத்தோமோ, அது இல்லாத ஒரு கிரகத்தை உண்டாக்கிக்கொண்டோம்.

கற்பனையில் தப்பே இல்லை. அது இல்லாமல் ஒருத்தரும் தேடவே கிளம்ப மாட்டார்கள். ஆனால் கிளம்பினவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் தெருவிளக்குக் கம்பம். 2001-இல் வானத்தை அண்ணாந்து பார்த்தவர்கள் ஏராளம். கம்பத்தைச் சுரண்டிப் பார்த்தவர்கள் கொஞ்சப்பேர்தான்.

போன சாரல் சமயம் குற்றாலம் போயிருந்தேன். ஒரு மரத்தின் அடிப்பகுதி முழுக்கச் செம்மஞ்சள் படிவு, துரு ஏறின மாதிரி. அதே பாசியா என்று நுண்ணோக்கி இல்லாமல் சொல்ல முடியாது. சின்ன வயசிலிருந்து எத்தனையோ தடவை இதில் சாய்ந்து நின்று ஈரத்துணியைப் பிழிந்திருப்பேன். இது உயிரோடிருக்கும் ஒரு பொருள் என்றே அப்போதெல்லாம் எனக்குத் தோன்றியதில்லை.