காடு இங்கே, படிப்பு அங்கே: வனவியல் மேற்படிப்புக்கு மாணவர்கள் வெளிநாடு செல்வது ஏன்?

நெகிரி செம்பிலானில் உள்ள பாசோ காட்டில் 50 ஹெக்டர் பரப்பில் ஒவ்வொரு மரத்துக்கும் எண் கட்டி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அளந்து வருகிறார்கள். 1 சென்டிமீட்டர் பருமனுள்ள கன்றுகூட கணக்கில் உண்டு. 800க்கும் மேற்பட்ட மரவகைகள் உள்ள இந்த இடத்தை ஆராய வெளிநாட்டு அறிஞர்கள் வந்து போகிறார்கள். அப்படியிருக்க, நம்மைப் போன்ற வெப்பமண்டல நாடுகளின் மாணவர்கள் வனவியல் மேற்படிப்புக்கு ஜெர்மனிக்கும் கனடாவுக்கும் போவது ஏன்?

இது புதிய வழக்கமல்ல. 1889இல் கிஃபர்ட் பின்ஷோ என்ற அமெரிக்க இளைஞர் வனவியல் படிக்கப் பிரான்சின் நான்சி நகருக்குப் போனார். அன்று அமெரிக்காவில் அதற்கெனக் கல்லூரி இல்லை. 1900இல் அவர் குடும்பம் தந்த பணத்தில்தான் யேல் பல்கலைக்கழகத்தின் வனவியல் பள்ளி தொடங்கியது.

இன்றைய மாணவர்களுக்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, பாடம். மலேசியாவில் செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகம் வனவியல் கற்பிக்கிறது. கெப்போங் வன ஆய்வுக்கழகமும் இருக்கிறது. பல நாடுகளில் அந்த வசதி குறைவு. செயற்கைக்கோள் படம் வாசிப்பது, மரங்களில் சேரும் கரிமத்தைக் கணக்கிடுவது போன்ற சிறப்புத் துறைகளைத் தேடியும் பலர் போகிறார்கள்.

இரண்டாவது, பணம். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் ஃப்ரைபர்க் உள்ள மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். கனடாவிலும் அமெரிக்காவிலும் ஆய்வு வழிப் பட்டம் படிக்கும் பலருக்குப் பேராசிரியரின் ஆய்வு நிதியிலிருந்து உதவித்தொகை கிடைக்கிறது.

மூன்றாவது, வேலை. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய சட்டம் ரப்பரையும் செம்பனை எண்ணெயையும் மரத்தையும் தொடுகிறது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்ததை அங்கு விற்பதைத் தடுப்பதே அதன் நோக்கம். விளைந்த நிலம் எங்குள்ளது என்பதை வரைபடக் குறியீட்டோடு காட்டவும் அது கோருகிறது. தோட்டத்தையும் காட்டையும் ஒருசேரப் புரிந்தவர்களுக்கு இங்கே தேவை இருக்கிறது. தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்குப் பால்மரமும் செம்பனையும் புதிதல்ல.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. குளிர்நாட்டு மரத்தில் ஆண்டுக்கொரு வளையம் விழும். எண்ணினால் வயது தெரியும். ஆண்டு முழுதும் மழை பெய்யும் நம் காட்டில் பெரும்பாலான மரங்களில் அப்படித் தெளிவான ஆண்டு வளையம் இராது. அங்கே கற்ற முறை எல்லாம் இங்கே அப்படியே செல்லாது. ஆகவே வகுப்பை அங்கே முடித்து, ஆய்வேட்டுக்குத் தாய்நாட்டுக் காட்டை எடுத்துக்கொள்வது நல்லது.

அரசு வேலையில் சேர எண்ணுவோர், அந்தப் பட்டத்தை நம் அரசு ஏற்கிறதா என்று பணம் கட்டுமுன் உறுதி செய்துகொள்ள வேண்டும். உபகாரச் சம்பளத்தின் நிபந்தனைகளையும் படியுங்கள். பிரிட்டனின் செவனிங் உதவி பெற்றவர், படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டுகளாவது தாய்நாட்டில் இருக்க வேண்டும்.

விண்ணப்பத்துக்கு முன்பே, விரும்பும் துறைப் பேராசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். எந்தக் காட்டை, எதற்காக ஆராய நினைக்கிறீர்கள் என்பதை அதில் நான்கு வரியில் சொல்லுங்கள்.