ஆலைத் தமிழும் இலவசப் பாடமும்

உடுமலைப்பேட்டை வட்டாரத்து நூற்பாலைகளில் பஞ்சு நூலாகும் பாதைக்கு ஆங்கிலப் பெயர்கள்தான்: கார்டிங், டிராயிங், சிம்ப்ளக்ஸ், ஸ்பின்னிங். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவரும் சில வருடம் ஷிப்ட் பார்த்துவிட்டால் கவுண்ட், டிராஃப்ட், ட்விஸ்ட் என்று பிசகாமல் பேசுவார். அதே கார்டிங்கையும் டிராயிங்கையும் டெல்லி ஐஐடி பேராசிரியர்கள் என்பிடிஇஎல் என்ற இணையப் பாடத் தளத்தில் காசு வாங்காமல் நடத்துகிறார்கள். ஆலைக்கும் அந்தப் பாடத்துக்கும் குறுக்கே நிற்பது கலைச்சொல் அல்ல. அந்தச் சொற்களைக் கோத்துத் தரும் ஆங்கில வாக்கியம்.

இணையத்தில் இலவசக் கல்வி என்றால் எம்ஐடியிலிருந்து தொடங்குவது வழக்கம். தன் பாடக் குறிப்புகளை எல்லோருக்கும் திறந்து வைப்பதாக அது அறிவித்தது 2001 ஏப்ரலில். நம் கணக்கு அதற்கும் மூத்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் வந்தது. இரண்டும் பெரிதும் எழுத்தை நம்பியவை. ஆனால் இரண்டிலும் இருந்தது மொழி, இலக்கியம், பண்பாடு. தொழில்நுட்பப் பாடத்துக்கான திட்டம் 2003இல்தான் வந்தது. ஏழு ஐஐடிகளும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய என்பிடிஇஎல் ஆங்கிலத்தில் பேசியது. ஆக, தமிழில் இலவசமாகக் கிடைத்ததில் ஆலை இல்லை. ஆலை இருந்ததில் தமிழ் இல்லை.

ஆலைப் பாடத்தைத் தமிழில் எழுத வேண்டும் என்றால், கல்லூரி அறிவியலைத் தமிழில் அச்சிட்டுப் பார்த்தாயிற்றே, மாணவர்கள் ஆங்கிலத்துக்குத்தானே போனார்கள் என்று கேட்கலாம். 1960களிலும் 70களிலும் அரசு அப்படி நிறைய நூல்களை வெளியிட்டது உண்மை. ஆனால் அவை தேர்வெழுதும் மாணவருக்கானவை. மேற்படிப்பும் வேலையும் ஆங்கிலத்தில் இருக்கையில் அவர் ஆங்கிலத்தைத் தேர்ந்ததில் தவறில்லை. ஸ்லைவர் (கார்டிங்கில் வரும் பஞ்சுத் திரி) ஏன் சீராக வரவில்லை, நூல் ஏன் அடிக்கடி அறுகிறது என்று தெரிந்துகொள்ள விரும்பும் ஃபிட்டரின் தேவை வேறு. அவருக்காக எழுதும்போது கார்டிங்குக்குப் புதுச்சொல் புனைவது வீண்வேலை. யாரும் சொல்லாத சொல்லை முதலில் கற்றுக்கொண்டு, பிறகு ஆலைச் சொல்லுக்கு அவரே பெயர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். (தூய தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க.)

கைப்பேசியில் காணொளி இருக்கும்போது எழுத்து எதற்கு என்பது இன்னொரு கேள்வி. இரவு ஷிப்ட் முடித்து வருபவர் ஒரு மணி நேரப் பேச்சில் தனக்கு வேண்டிய மூன்று நிமிடத்தைத் தேட முடியாது. பக்கத்தைப் புரட்ட முடியும். தொடக்கத்தில் என்பிடிஇஎல்லே காணொளிப் பாடங்களோடு எழுத்துப் பாடங்களையும் தனியாகத் தந்தது. அண்மை ஆண்டுகளில் பல பாடங்களின் உரையைத் தமிழிலும் பெயர்த்துத் தருகிறது. நல்ல காரியம்தான். ஆனால் வகுப்பறைப் பேச்சை அப்படியே பெயர்த்தால் பாடநூல் ஆகிவிடாது: பேராசிரியர் பலகையைச் சுட்டி “இதைப் பாருங்கள்” என்று சொன்ன இடத்தில், படிப்பவர் கையில் “இது” மட்டும்தான் மிஞ்சுகிறது.