வகுப்பறையிலிருந்து வார்டுக்கு

1916-இல் கல்கத்தா பல்கலைக்கழகம் உளவியலுக்குத் தனித் துறை தொடங்கியபோது, ஹார்வர்டில் படித்துத் திரும்பிய நரேந்திரநாத் சென்குப்தா அதை நடத்தினார். 1924-இல் மைசூர், 1943-இல் சென்னை என்று துறைகள் பரவின. மாணவர்கள் சோதனைக்கூடத்தில் புலனுணர்வையும் நினைவாற்றலையும் அளக்கப் பழகினார்கள்.

பட்டம் வாங்கிய பிறகு?

அந்தக் கேள்விக்கு உருப்படியான விடை பெங்களூரில் பிறந்தது. அங்கிருந்த மனநோய் மருத்துவமனையோடு சேர்ந்து 1954-இல் அகில இந்திய மனநல நிறுவனம் உருவானது. மறு ஆண்டே மருத்துவ உளவியல் டிப்ளமோ தொடங்கியது. ஏட்டில் படித்த மனச்சிதைவு இப்போது பெயரும் ஊரும் உள்ள மனிதராக எதிரே உட்கார்ந்திருந்தது. அவரிடம் பொறுமையாகக் கதை கேட்க வேண்டும், சோதனைகள் நடத்த வேண்டும், வீட்டாரிடம் பேச வேண்டும், மனநல மருத்துவரோடு கலந்து முடிவுக்கு வர வேண்டும். உளவியல் மாணவருக்கு இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் இருந்திருக்க முடியாது.

அந்த டிப்ளமோவே பின்னாளில் எம்.ஃபில். ஆனது, நிறுவனம் 1974-இல் நிம்ஹான்ஸ் ஆனது. 1992-இல் வந்த இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம், மருத்துவ உளவியலாளராகப் பணியாற்றப் பதிவைக் கட்டாயமாக்கியது. முதுகலைப் பட்டம் மட்டும் அந்தப் பதிவுக்குப் போதவில்லை. மேற்பார்வையில் பெற்ற மருத்துவமனைப் பயிற்சியும் தேவைப்பட்டது.