கொல்லிமலைக் கற்கோடரி வழிபாடு

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் புதிய கற்காலக் கோடரிகளைச் சாமியாக வைத்துக் கும்பிடும் வழக்கம் உண்டு. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப்போனால் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் வரும். (பெயரைப் பார்த்துக் கேரளத்தார் என்று எண்ண வேண்டாம், இவர்கள் தமிழ் பேசும் மலைவாசிகள்.) ஏர் ஓட்டும்போது தட்டுப்படும் கற்கோடரியை எடுத்துவந்து பிள்ளையார் கோயிலிலோ மரத்தடியிலோ சேர்த்துவிடுவார்கள். கல் உள்ளங்கையில் அடங்கும். ஒரு முனை கூம்பியிருக்கும், மறுமுனையில் வாய் தீட்டியிருக்கும். கற்கால மக்கள் கொத்திப் பொளிந்து, பிறகு தேய்த்தே கல்லுக்கு வழவழப்பைக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

பக்கத்துச் சேர்வராயன் மலையிலும் இவ்வழக்கம் உண்டு. ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் வாழ்ந்து 1912-இல் இறந்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே இதைக் கண்டு எழுதிவைத்தார்.

தேய்த்த கல்லைப் போற்றியவை இந்த மலைகள் மட்டுமல்ல. சீனாவின் லியாங்சூ பண்பாட்டில், சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன், மரம் வெட்ட உதவாத பச்சைக்கல் கோடரிகளைப் பெரியவர்களின் கல்லறையில் வைத்தனர். 11-ஆம் நூற்றாண்டில் சீன அறிஞர் ஷென் குவோ, இடி விழுந்து முறிந்த மரத்தடியில் தாமே ஒரு கல் ஆப்பை எடுத்ததாகவும், இடித்தேவன் போட்டது என்று ஊரார் சொன்னது மெய்தான் என்றும் எழுதினார். பாலினீசியாவின் தாகித்தியில் படகுக்கு மரம் வெட்டுவதற்கு முந்தைய இரவு வாய்ச்சியை மராயே என்னும் கோயில் வெளியில் ‘தூங்க’ வைத்தார்கள். விடிந்ததும் கடல்நீரில் முக்கி ‘எழுப்பினார்கள்’. நியூசிலாந்து மவோரித் தலைவர்களுக்குப் பச்சைக்கல் வாய்ச்சியே பதவிச் சின்னம்.

இவற்றை ஒரே கொடியில் கோக்கும் ஆசை பழையது. 1932-இல் ஆய்வாளர் ராபர்ட் ஹைனே-கெல்டெர்ன் நாற்கோணக் கல்வாய்ச்சியின் தடம் பிடித்துச் சீனாவிலிருந்து பாலினீசியா வரை ஒரு குடிப்பெயர்வை வரைந்தார். அவர் வரைந்த வழி இன்று அப்படியே நிற்கவில்லை. ஆனால் பாலினீசியரின் மூதாதையர் தைவானிலிருந்து புறப்பட்டவர்கள், அதற்கு முன் தென்சீனக் கரையில் இருந்தவர்கள் என்பதை மொழியியலும் அகழாய்வும் பெரிதும் ஏற்கின்றன. எனவே சீன, பாலினீசிய வழக்கங்களுக்கிடையே உறவு தேடுவதில் நியாயம் உண்டு. கொல்லிமலையை அதில் இழுப்பதற்கில்லை: இங்குள்ளது கூர்ங்குடுமியும் முட்டைவடிவ வெட்டுமுகமும் கொண்ட தென்னிந்திய வகை. கும்பிடும் முறை ஒத்திருக்கிறது என்பதால் கும்பிட்டவர்கள் உறவினராகிவிட மாட்டார்கள். செய்தவர் யாரெனத் தேடக் கல்லின் வடிவம் ஒரு தடயம்.

தொல்லியலாளருக்கு இன்னொரு சிக்கல். கோயிலில் குவிந்த கல் எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பது போய்விட்டது. அதன் காலத்தைக் கணிக்கப் பையம்பள்ளி போன்ற அகழாய்வு இடங்களின் கோடரிகளோடுதான் ஒப்பிட வேண்டியிருக்கிறது.